இல்லாத அறைக்கு ஒரு ஜன்னல்

“பின்படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற எங்க ரூமுக்கு ஒரு ஜன்னல் வைக்கணும்” என்றேன்.

வீட்டம்மா செய்தித்தாளை இறக்கவில்லை. எனக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றிருந்த அம்மா, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முதுகில் கிள்ளினாள். இருபத்திரண்டு வருடத்துக் கோபம் அந்தக் கிள்ளலில் இருந்தது.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்க அம்மா என்னை விட்டிருக்கிறாள். பழைய துணி கேட்கலாம். மீந்ததைக் கேட்கலாம். காய்ச்சல் மாத்திரை கேட்கலாம். ஜன்னல் மட்டும் கேட்கக்கூடாது. எனக்கு ஏழு வயதாகும்போதே சொல்லிவிட்டாள். “ஜன்னல் கேட்டா, இங்க ஒரு ரூம் இருக்குன்னு அவங்களுக்கு ஞாபகம் வந்துரும்டி.”

எங்களுக்கு அந்த மாளிகையில் இருந்த ஒரே உரிமை, எங்களை அவர்கள் மறந்திருந்ததுதான்.

“எந்த ரூம்?” என்றார் வீட்டம்மா.

“பின்படிக்கட்டுக்குக் கீழே.”

“அங்க ரூம் இருக்கா?”

அவர் நடிக்கவில்லை. காலை ஐந்தரைக்கு மணியை அடித்தால் அம்மா எங்கிருந்தோ வருவாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்காக ஏரியை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மூன்று மாடி, பன்னிரண்டு தூண், வண்ணக் கண்ணாடி போட்ட இருபத்திநான்கு ஜன்னல், வண்டியோடு உள்ளே வந்து இறங்க ஒரு முகப்பு, நடுவில் சுருண்டு ஏறும் படிக்கட்டு. நகரத்தைப் பற்றி யார் புத்தகம் போட்டாலும் அட்டையில் இந்த வீடுதான் இருக்கும். படத்தில் வராத பின்படிக்கட்டின் அடிவயிறுதான் எங்கள் கூரை. ஏழடிக்கு ஐந்தடி. கதவோரச் சுவரருகே மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். மற்ற இடமெல்லாம் குனிந்தால்தான் உண்டு. பக்கத்தில் வீடு முழுவதற்கும் குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் விறகடுப்பு. வெந்நீர் மாடிக்குப் போகும். புகை எங்களிடம் வரும்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்து நான்கு வருடம். போன மாதம் மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, “மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். மீதி காத்து செய்யணும். ஜன்னலைத் திறந்து வெச்சுப் படுங்க. இப்படியே விட்டா இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்காது” என்றார். அம்மா “சரிங்க” என்று தலையாட்டினாள். இல்லாத ஜன்னலைத் திறந்து வைப்பதாக மருத்துவரிடம் வாக்குக் கொடுத்த முதல் நோயாளி அவளாகத்தான் இருப்பாள்.

அதனால்தான் கேட்டேன்.

வீட்டம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பாங்கன்னு சொல்லுவாங்க. நான் அப்படி நெனைக்கற ஆளில்ல. ஆனா இது என் வீடு இல்லம்மா. வரலாற்றோட வீடு. நான் சும்மா குடியிருக்கேன். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பழைய வீடுகளைக் காப்பாத்தற பேரவையில கேட்டாகணும். நீயே போய் எழுதிக் குடு. படிச்ச பொண்ணுதானே?”

சோற்றில் கிடந்த கல்லை நாக்கால் ஒதுக்குவதுபோல ‘படிச்ச பொண்ணு’ என்றார்.

படித்தவள்தான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. பாடம் வரலாறு. வேலை, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது.

*

பழம்பெரும் இல்லங்கள் பாதுகாப்புப் பேரவை எட்டாவது மாடியில் இருந்தது. புதுக் கட்டடம். நான்கு பக்கமும் கண்ணாடி; ஒன்றையும் திறக்க முடியாது. பழைய வீடுகளின் பெருமையை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

“புது ஜன்னலுக்கு இங்க படிவமே கிடையாதும்மா” என்றார் குமாஸ்தா. “பழைய மாளிகையில புதுசா எதையும் வைக்க முடியாது. காணாமப் போன ஜன்னலைத் திரும்ப வைக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. தரட்டுமா?”

“அங்க எப்பவுமே ஜன்னல் இருந்ததில்லை சார்.”

“இப்ப இருக்கா?”

“இல்லை.”

“அப்ப காணாமப் போயிருக்குன்னுதானே அர்த்தம்?”

பதினான்கு பக்கம். ஜன்னல் காணாமற்போன நூற்றாண்டு எது. கடைசியாகப் பார்த்தவர் யார். அப்போது ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா. மீண்டும் கண்டால் அடையாளம் காட்டுவீர்களா. கடைசியாகப் பார்த்தவர் என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதினேன். அவர் அதை அடித்து ‘ஆய்வுக்குரியது’ என்று எழுதினார்.

“யாருமில்லை, தெரியாது, இதெல்லாம் இங்க எழுதக் கூடாதும்மா. தெரியாதுன்னு சொல்றதுக்கா எங்களுக்கு எட்டாவது மாடி குடுத்திருக்காங்க?”

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மாளிகையின் மூல வரைபடத்தில் மேற்படி அறை காணப்படவில்லை. இல்லாத அறையிலிருந்து ஜன்னல் காணாமற்போக வாய்ப்பில்லை. எனினும், இல்லாத அறை எவ்வாறு இருந்துவருகிறது என்பதை நேரில் ஆராய மூவர் குழு வருகை தரும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள்.

“பாத்தியா?” என்றாள். “ஞாபகம் வந்துருச்சு.”

*

மூவர் வந்தார்கள். பேரவைத் தலைவர், குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னாலும் மேடைப்பேச்சு பேசுபவர். செயலாளர், தலைவர் தும்மினாலும் குறிப்பெடுத்துக்கொள்ளும் பெண்மணி. மூன்றாமவர் கட்டடக்கலை வரலாற்று நிபுணர். கழுத்தில் மருத்துவர்கள் போடும் குழாயை மாட்டியிருந்தார்.

முதலில் அம்மாவை அறையைவிட்டு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

“தப்பா நெனைக்காதீங்க” என்றார் நிபுணர். “மூச்சுக்காத்துல ஈரம் இருக்கு. பழைய பூச்சுக்கு அது ஆகாது. நீங்க வேற கொஞ்சம் அதிகமாவே மூச்சு விடறீங்க.”

பிறகு சுவரில் குழாயை வைத்து, விரலால் தட்டி, கண்ணை மூடிக் கேட்டார். சுவருக்குக் காது உண்டென்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நெஞ்சும் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. “பாவம், ரொம்பத் தவிச்சிருக்கு” என்றார். அம்மா வாசலில் நின்று வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைத்தான் சொன்னார்.

அடுத்து, கூரையில் படிந்திருந்த கரியை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“புகைப்பூச்சு! சுவருக்குப் பக்குவமாப் புகை காட்டிக் கருமை ஏத்தற நுட்பம். உலகத்துல எங்கயும் மிஞ்சலைன்னு நெனச்சிட்டிருந்தோம்.”

“அது வெந்நீரடுப்புப் புகைங்க” என்றாள் அம்மா. “தினம் நான்தான் மூட்டறேன்.”

நிபுணர் தலைவரைப் பார்த்துக் குரல் தழுதழுக்கச் சொன்னார். “கேட்டீங்களா? அந்த நுட்பம் இன்னும் உயிரோட இருக்கு. பாருங்க, இவங்க கையில. இவங்களுக்கே தெரியாம!”

செயலாளர் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் கதவோரச் சுவரில் வெளிச்சம் அடித்தார்கள். அடித்த கை அப்படியே நின்றது.

சுவரில் ஆணியால் கீறிய கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினொன்று.

அவற்றை நான் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அம்மா என்னை அந்தச் சுவரோடு நிறுத்தி, தலையில் தட்டை வைத்து, தட்டின் விளிம்பில் ஆணியால் ஒரு கோடு இழுப்பாள். ஆசைக்காக இல்லை. பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே எத்தனை விரல் என்று பார்த்து, சீருடைப் பாவாடையின் மடிப்பை அவ்வளவு பிரித்துவிடுவாள். இரண்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஒரே துணியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தவளுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. நான்காம் கோடும் ஐந்தாம் கோடும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும். அந்த வருடம் எனக்கு டைஃபாய்டு.

நிபுணர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அளவுகோல்” என்றார். “இதுதான் மாளிகையோட மூல அளவுகோல். கட்டினவர் இங்க தனியா உக்காந்து, இந்தக் கோட்டை வெச்சுத்தான் மொத்த மாளிகையையும் அளந்திருக்கார். எழுபது வருஷமா தேடறோம்!”

“சார், அது என் உயரம்” என்றேன்.

மூவரும் திரும்பினார்கள். பீரோ பேசியதுபோலப் பார்த்தார்கள்.

“ஆதாரம்?”

சுவரோடு போய் நின்றேன். பதினொன்றாம் கோடு உச்சந்தலையில் சரியாக உட்கார்ந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நான் வளரவில்லை. வளர்ந்திருந்தாலும் பாவாடையில் பிரிக்க மடிப்பு மிச்சமில்லை.

நிபுணர் என் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே அட்டை ஒன்றைச் செருகிப் பார்த்தார். போகவில்லை. அவர் கண் கலங்கியது. எனக்குக்கூட ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

“ஐயா, பாருங்க!” என்றார் தலைவரிடம். “அந்தக் காலத்து அளவுமுறை மனுஷ உடம்போட எப்படி இசைஞ்சு போகுது பாருங்க! வேலைக்காரங்க வீட்டுப் பொண்ணு, எதேச்சையா வந்து நிக்குது. ஒரு மயிரிழை பிசகலை!”

தலைவர் குனிந்த கூரைக்குக் கீழே முடிந்தவரை நிமிர்ந்தார். “இந்த மாளிகையோட முகத்தை எல்லாரும் பாத்தாச்சு. இன்னைக்கு அதோட மூளையை நாம பாத்திருக்கோம். இனிமே யாரும் இதைப் பாக்கறதுக்கு நாம விடக் கூடாது.”

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் அன்பாகச் சொன்னார். “ரொம்ப நன்றிம்மா. நீங்க எழுதிப் போடலைன்னா இப்படி ஒரு இடம் இருக்கறதே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

*

அறைக்கு ‘அளவறை’ என்று பெயர் வைத்துப் பித்தளைப் பலகை அடித்தார்கள். அந்த மாளிகையில் ஆணி அடிக்க யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் பேரவையே பேரவையிடம் அனுமதி வாங்கிக்கொண்டது.

எங்களை அன்றே வெளியேற்றினார்கள் என்று சொன்னால் அது பேரவைக்கு இழைக்கும் அநீதி. வெளியேற்ற வேண்டுமென்றால் நாங்கள் அங்கே குடியிருந்ததாக எழுத வேண்டும். வரைபடத்தில் இல்லாத அறையில் யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே ‘அறையில் காணப்பட்ட பொருட்கள் இடம்மாற்றப்பட்டன’ என்று எழுதினார்கள். ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு பாய், நான்கு பாத்திரம், அம்மா, நான்.

இடம்மாற்றிய இடம், முகப்பு மாடிக்குக் கீழே, வண்டி வந்து நிற்கும் தளம். “காத்துதானேம்மா கேட்டீங்க?” என்றார் செயலாளர். “இங்க மூணு பக்கமும் காத்து.”

புழுதியும் மூன்று பக்கமும் வந்தது. அம்மாவின் மூச்சில் இப்போது ஒரு விசில் சேர்ந்துகொண்டது.

பதினொரு கோடு இருந்தால் பதினொரு தூண்தானே இருக்க வேண்டும்? மாளிகைக்குப் பன்னிரண்டு. இது நிபுணரை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. குழாயை வைத்து ஒவ்வொரு தூணாகக் கேட்டார். கடைசியில், வடக்கு ஓரத் தூண் “பொய் பேசுகிறது” என்று கண்டுபிடித்தார். பிற்காலத்து இடைச்செருகல். மாளிகையின் மூல அழகைக் காப்பாற்ற அதை இடிக்க வேண்டும்.

நூற்றுச் சொச்சம் வருடம் மூன்று மாடியைத் தாங்கிய தூணை நான்கு நாளில் இடித்தார்கள். இடிக்க வந்த கொத்தனார் மட்டும், “ஐயா, இது சுமை தாங்குற தூண் மாதிரி இருக்கே” என்றார்.

“நீங்க கொத்தனார்” என்றார் நிபுணர். “உங்களுக்குக் கட்டடம்தான் தெரியும். கட்டடக்கலை தெரியாது.”

ஐந்தாம் நாள் முகப்பு மாடி வடக்குப் பக்கம் நான்கு விரல் இறங்கியது. கீழே நாங்கள் படுத்திருந்தோம். மேலேயிருந்து காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேரவையில் சொன்னேன். நிபுணர் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். “மாளிகை தன்னோட இயல்பான நிலைக்குத் திரும்புது.”

“அம்மா, மேல பாரும்மா. எப்படிச் சாய்ஞ்சிருக்கு பாரு” என்றேன்.

“மேல பாத்தா தூக்கம் வராதுடி” என்று திரும்பிப் படுத்தாள்.

இந்த நேரத்தில் ஜன்னலும் வந்தது. ‘காணாமற்போன ஜன்னல் மீட்கப்பட்டது. விண்ணப்பதாரருக்கு வாழ்த்துகள்’ என்று கடிதம். போய்ப் பார்த்தேன். நடைபாதைப் பக்கச் சுவரை உடைத்துப் பித்தளைச் சட்டத்தில் பெரிய கண்ணாடி பதித்திருந்தார்கள். வெளியே நின்று உள்ளே கோடுகளைப் பார்ப்பதற்கு. அம்மா கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எப்படித் திறக்கும்?” என்று கேட்டாள்.

நிபுணர் பதறிவிட்டார். “திறந்தா காத்து உள்ள போயிருமே!”

*

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் பூதத்தோடு முடிந்துவிடும். எனக்கு அது புத்தகமாகவும் வந்தது. பேரவையின் வெளியீடுகளை அச்சடிப்பது எங்கள் அச்சகம். ‘அளவறை: ஒரு மாளிகையின் மறைமூளை’ என்ற முந்நூறு பக்கம் பிழைதிருத்த என் மேசைக்கு வந்தது.

‘மாளிகையை எழுப்பிய முதல்வர் உலக இன்பங்களைத் துறந்து இவ்வறையில் தனித்திருந்தார். காற்றையும் ஒளியையும் அவர் வேண்டவில்லை. நான்காம், ஐந்தாம் கோடுகளின் நெருக்கம், அம்மாமனிதரின் நெஞ்சில் எழுந்த ஐயத்தின் அழியாச் சின்னமாகும்.’

ஓரத்தில் சிவப்பு மையால் ‘டைஃபாய்டு’ என்று எழுதினேன்.

மறுநாள் செயலாளர் நேரில் வந்தார். கோபப்படவில்லை, கோபப்படுவது என்னை மதிப்பதாகிவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இங்க பாருங்கம்மா. நீங்க எழுத்துப்பிழையைப் பாத்தாப் போதும். கருத்துப்பிழையெல்லாம் நாங்க பண்ணிக்கறோம்.”

“பண்ணிக்கறீங்களா, பாத்துக்கறீங்களா?”

“ரெண்டும்தான்.”

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கும்பிடாத குறையாகப் பார்த்தார். முந்நூறு பக்கத்திலும் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். என் உயரத்தைப் பற்றிய பொய்யில் ஒரு ‘க்’ விடுபடாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

அந்த வாரம் அம்மாவை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். “ஜன்னலைத் திறந்து வெச்சீங்களா?” என்றார். “ஜன்னல் வந்துருச்சுங்க” என்றாள் அம்மா. அவர் குழாயை எடுத்து வைத்துக் கேட்டார்; முகம் மாறியது. அறைக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு, “அந்த வீட்டைவிட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க. மாசக்கணக்கெல்லாம் இல்ல, நாள்கணக்கு” என்றார்.

தெருவுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்கவே இல்லை. “இந்த வயசுல இன்னொரு வீட்டுல போய் யார்கிட்ட நிப்பேன்? வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் சோறு இறங்கும்டி எனக்கு. தின்ன சோத்துக்கு…” மீதி வாக்கியத்தை இருமல் எடுத்துக்கொண்டது.

*

திறப்பு விழா அன்று காலை, விருந்தினர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், எங்கள் இரண்டு பேரையும் பெரிய கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். எண்ணெய் பூசிய மேசை. அந்தப் பக்கம் தலைவர், செயலாளர், நிபுணர், வீட்டம்மா. இந்தப் பக்கம் நாற்காலி இல்லை.

சுற்றிலும் இருபத்திநான்கு ஜன்னல். வண்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையுமாக வெயில். எல்லாச் சட்டத்திலும் பேரவையின் ஈய முத்திரை. கதவுகளையும் பூட்டியிருந்தார்கள், புழுதி வந்தால் மேசையின் மெருகு போய்விடும்.

செயலாளர் ஒரு தாளைத் தள்ளினார். “சின்ன சம்பிரதாயம்மா. அளவறைக்கு முதல் தரம் குடுக்கணும்னா, கட்டின நாள்ல இருந்து அதுல மனுஷங்க யாரும் வசிச்சதில்லைன்னு ஒரு பட்டதாரி கையெழுத்துப் போடணும்.”

“நான் அதுலதான் வளர்ந்தேன்.”

“அதனாலதான் உங்களைக் கேக்கறோம். உங்களுக்கு இல்லாத அக்கறை வேற யாருக்கு இருக்கும்?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “பாப்பா, வரலாறுங்கறது என்ன? யார் எங்க படுத்தாங்க, யார் எங்க இருமினாங்கங்கறதா? அதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்கறது. மனுஷங்க வருவாங்க, போவாங்க. சுவர் நிக்கும். நிக்கறதைத்தான் நாங்க காப்பாத்த முடியும். உங்க அம்மாவை எத்தனை நாள் காப்பாத்த முடியும், சொல்லு?”

நல்ல மனிதர். உண்மையைத்தான் சொன்னார்.

“சும்மா கேக்கல” என்றார் செயலாளர். “அம்மாவுக்கு நிரந்தர வேலை. அளவறைக் கண்ணாடியைத் துடைக்கறது. முகப்புக்குக் கீழ படுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டோம். கையெழுத்து இல்லைன்னா, பாருங்க, இத்தனை வருஷமா பதிவே இல்லாம ஒருத்தங்க உள்ள இருந்தாங்கன்னு வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்.”

வீட்டம்மா அம்மாவைப் பார்த்து, “எடுத்துச் சொல்லு அவளுக்கு” என்றார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். “போட்டுட்டுப் போயேன்டி. நாம இருந்தோம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?”

“மாட்டேன்.”

“பட்டம் வாங்கினா கையெழுத்துக்கூட வராதா?”

“இதுக்கு வராது.”

“சரி, தள்ளு” என்றாள். “நானே போடறேன். எனக்கும் எழுதத் தெரியும்.”

தெரியும். நான் இரண்டாம் வகுப்பில் படித்த எழுத்தையெல்லாம் அவளும் அடுப்பங்கரித் துண்டால் தரையில் எழுதிப் பழகினாள். செயலாளர் தாளில் ‘பட்டதாரி’ என்பதை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அம்மா அதை வாங்கி, மேசைமேல் குனிந்தாள். ‘இவ்வறையில் எவரும் வசித்ததில்லை என உறுதிகூறுகிறேன்.’ அதற்குக் கீழே பெயர். அதற்கும் கீழே ஒரு கட்டம். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“வி… லா… சம். விலாசம் என்னன்னு எழுதட்டுங்க?”

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கழுத்துக் குழாயைத் தடவினார்.

“அதைக் காலியா விட்டுருங்க” என்றார் செயலாளர்.

“எப்பவும் இதைத்தானே எழுதுவேன். படிக்கட்டுக்குக் கீழ…”

“காலியா விடுங்கம்மா.”

அம்மா சிரிக்கப் போனாள் என்று நினைத்தேன். சிரிப்புக்குப் பதில் இருமல் வந்தது. இருமலுக்குப் பின் மூச்சு வரவில்லை. பேனா உருண்டு விழுந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நிறம் மாறியது. வண்ணக் கண்ணாடி என்று முதலில் நினைத்தேன்.

“ஐயோ, யாராவது ஜன்னலைத் திறங்களேன்!” என்று வீட்டம்மாதான் கத்தினார்.

“எல்லாம் முத்திரை வெச்சதுங்க” என்றார் செயலாளர்.

நிபுணர் உதவத்தான் பார்த்தார். “கிழக்குப் பக்கம் ஏழாவது மட்டும் பிற்காலத்துக் கண்ணாடி. அதுக்கு அவசரத் திறப்பு அனுமதி உண்டு. ஆனா தீ விபத்துக்கு மட்டும்தான். மூச்சு விடறது அதுல வராது.”

“மேசையை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க” என்றார் தலைவர். “எச்சில் படுது.”

அம்மாவின் மடியிலிருந்து மூச்சிரைப்பு மருந்துக் குப்பியை உருவி அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்று. இரண்டு. அவள் கையை என் தோளில் போட்டு இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். கனமே இல்லை. மூன்று மாடிக்கு வெந்நீர் சுமந்தவள், சலவைத் துணி அளவுக்குத்தான் இருந்தாள். பூட்டிய கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து போய்த் தரையில் விழுந்தது. “அது மூலத் தாழ்ப்பாள்!” என்று நிபுணர் அலறினார். மேசைமேல் அம்மாவின் பெயரில் முதல் எழுத்து மட்டும் இருந்தது.

முகப்பில் சாய்ந்து நிற்கும் மாடிக்குக் கீழே நிற்காமல் நடந்தேன். தோட்டத்துப் பாதி தூரத்தில் அம்மாவுக்கு மூச்சு திரும்பியது. முதலில் விசில், பிறகு மூச்சு, பிறகு பேச்சு.

“விடுடி. கையெழுத்துப் போட்டு முடிக்கல நான்.”

“வேண்டாம்.”

தலைவர் படிவரைக்கும் ஓடிவந்திருந்தார். கையில் அந்தத் தாள். வாசலில் முதல் விருந்தினரின் கார் நுழைந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, நில்லுங்க! நீங்க ரெண்டு பேரும் போயிட்டா, இங்க யாரும் இருந்ததில்லைன்னு யார்தான் சொல்றது?”

அம்மா நின்றாள். கூப்பிட்ட குரலுக்கு நின்று பழகிய கால். “கூப்பிடறாங்கடி…”

“நடம்மா.”

“பெட்டி? என் பெட்டி, பாயெல்லாம் அங்கதானே இருக்கு?”

இல்லை. விடிந்ததும் அவள் கூடத்தைப் பெருக்கப் போனபோதே எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, என்னோடு படித்தவளின் மொட்டைமாடி அறைக்கு அனுப்பிவிட்டிருந்தேன். தகரக் கூரை. மழை பெய்தால் ஒழுகும். அச்சக வேலையை நேற்று மாலையே விட்டாயிற்று. இதையெல்லாம் சொன்னால் நடுப்பாதையில் நின்று சண்டை போடுவாள். சண்டைக்கு மூச்சு வேண்டும்.

“வழியில சொல்றேன்” என்றேன். அவள் முழங்கையை விடாமல் வாசலைத் தாண்டினேன்.